சீட்டோடு கிளம்புங்கள்: கடை வழியே ஜார்ஜ் டவுன்

சென்னையின் பழைய பேட்டை ஒன்றைத் தெருத் தெருவாக அறிய விரும்பினால், வீட்டுக்குத் தேவையான ஐந்து சாமான்களை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போங்கள். இந்த அத்தியாயத்தின் வழிமுறை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தச் சீட்டை எப்படி எழுதுவது, எந்தத் தெருவில் எப்போது நுழைவது, கடையில் என்ன கேட்பது, எதைச் செய்யாமல் இருப்பது என்ற விவரங்கள்.

நான் முதல்முறை போனபோது கையில் கேமரா மட்டும் இருந்தது. காகிதக் கடை ஒன்றின் வாசலில் நின்றேன். கல்லாவில் இருந்தவர், "என்ன சார் வேணும்?" என்றார். "சும்மா பார்க்கிறேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டார். சில மாதம் கழித்து, தங்கை கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அட்டை வாங்க அதே கடைக்குப் போனேன். அதே மனிதர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரம் காகிதத்தைப் பற்றிப் பேசினார். அட்டையை வளைத்துப் பார்ப்பது, எந்தப் பக்கம் மடித்தால் வெடிக்காது என்று பார்ப்பது எல்லாம் அன்று கற்றவை. வியாபாரிக்கு வாடிக்கையாளரிடம் பேச நேரம் உண்டு, வேடிக்கை பார்ப்பவரிடம் கிடையாது. அது நியாயமும்கூட. அவர் வாடகை கொடுக்கிறார்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டியது

வரலாறு கொஞ்சம் போதும். புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒட்டினாற்போல வடக்கே இருந்த பழைய ஊரை, பிரெஞ்சுக்காரர் 1746இல் கோட்டையைப் பிடித்து 1749இல் திருப்பிக் கொடுத்தபின், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். கோட்டைக்கு முன்னால் பீரங்கி சுடத் திறந்த வெளி வேண்டும் என்பது காரணம். அங்கிருந்த மக்கள் இன்னும் வடக்கே நகர்ந்து, முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்ற இரண்டு பேட்டைகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அதுதான். இரண்டுக்கும் நடுவே ஓடிய கால்வாயைத் தூர்த்துப் போட்ட சாலை பிராட்வே. இப்போது அதன் பெயர் பிரகாசம் சாலை.

இதில் உங்களுக்குப் பயன்படும் உண்மை ஒன்றுதான்: இங்கே ஒரு தெரு முழுக்க ஒரே சரக்கு விற்கும். ஒரு தெரு காகிதம், ஒரு தெரு துணி, ஒரு தெரு கண்ணாடி, ஒரு தெரு நாட்டு மருந்து. ஆகவே சீட்டில் சாமான் மாறினால் தெரு மாறும், தெரு மாறினால் மனிதர்களும் மொழியும் வாசனையும் மாறும். தெருப் பெயர்களையும் கவனியுங்கள். பூக்கடை, கொத்தவால் சாவடி ஆகிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் பூவும் காய்கறியும் விற்ற பெரிய மொத்தச் சந்தைகள் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டன. ஆர்மீனிய வணிகர்கள் பெயரால் வந்த ஆர்மீனியன் தெரு, நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியர் கட்டிய 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் இருக்கிறது.

முந்தின நாள் வேலை

1. சீட்டு எழுதுங்கள். ஐந்து சாமான், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு வேறு தெருவில் கிடைப்பதாக இருக்கட்டும். நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் மாதிரிச் சீட்டு இது: நல்ல காகிதம் ஒரு ரீம், சட்டைத் துணி இரண்டு மீட்டர், பூஜை அறைக்கு ஒரு சிறு கண்ணாடி, சுக்கும் அதிமதுரமும் தலா நூறு கிராம், உலர்திராட்சை கால் கிலோ.

2. உண்மையிலேயே தேவைப்படுவதை மட்டும் எழுதுங்கள். தேவையில்லாததை வாங்கப் போனால் கேள்வி கேட்கத் தோன்றாது. தேவையிருந்தால் கேள்வி தானாக வரும்.

3. அளவுகளை வீட்டிலேயே எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு நீள அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதுங்கள். பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேராக இருப்பதில்லை.

4. சில்லறை மாற்றி வையுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் அதிகம் இருக்கட்டும். பல கடைகளில் போனில் பணம் அனுப்பலாம். ஆனால் சந்துக்குள் சிக்னல் இல்லாமல் நீங்களும் கடைக்காரரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பின்னால் வரிசை நின்றுவிடும்.

5. இரண்டு துணிப்பை, தண்ணீர் பாட்டில், சிறு நோட்டு, பேனா, அளவு நாடா, முன்பக்கம் அடைக்கும் செருப்பு அல்லது ஷூ. விரல் தெரியும் செருப்பு வேண்டாம். ஏன் என்பதைப் பாதுகாப்புப் பகுதியில் சொல்கிறேன்.

எந்தக் கிழமை, எந்த நேரம்

செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை பத்தரைக்குப் பாரிமுனையில் இருங்கள். அதற்கு முன்னால் போனால் பாதிக் கடைகளில் ஷட்டர் அப்போதுதான் தூக்கியிருப்பார்கள். வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருப்பார்கள். அது போணி நேரம். அன்றைய முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பெயர். அந்த நேரத்தில் நுழைந்து, விலை கேட்டு, பேரம் பேசி, வாங்காமல் திரும்பினால் கடைக்காரருக்கு மனசு சங்கடப்படும். பத்தரைக்கு மேல் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. முதல் ஆளாக நுழைந்துவிட்டால் சிறிதாக ஏதாவது வாங்கிவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைக்காக அன்று போகாதீர்கள். ஆனால் மூடிய கடைகளுக்கு மேலே இருக்கும் பழைய மாடிகள், மரத்தூண்கள், சுண்ணாம்பு வேலைப்பாடுகள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கண்ணில் படும். அதற்கு இன்னொரு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் போவதானால் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

நடை

மெட்ரோவில் வந்து உயர்நீதிமன்றம் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்திலேயே கழிவறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நம்பக்கூடிய கழிவறை கிடைப்பது அரிது.

பாரிமுனையிலிருந்து மேற்கே போகும் பெரிய சாலை என்.எஸ்.சி. போஸ் சாலை. உங்கள் முதுகெலும்பு அது. ஒவ்வொரு தெருவுக்குள்ளும் நுழைந்துவிட்டு மறுபடி இந்தச் சாலைக்கே திரும்பி வந்து அடுத்த தெருவுக்குப் போங்கள். குறுக்குச் சந்து வழியாகப் போனால் சீக்கிரம் போகலாமே என்று தோன்றும். முதல் நாள் வேண்டாம். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சந்துகளில் போன் வரைபடம் நீங்கள் நிற்கும் இடத்தைப் பக்கத்துத் தெருவில் காட்டும்.

*முதல் நிறுத்தம்: காகிதம்*

ஆண்டர்சன் தெருவும் அதையொட்டிய பந்தர் தெருவும் காகிதத்தின் ஊர். கல்யாண அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், கோப்பு, நோட்டு, உறை, அட்டை, பரிசு சுற்றும் தாள் என்று எல்லாம் இங்கே கிடைக்கும். சிறு அச்சகங்களும் உண்டு. மாடிப்படி இருட்டில் ஏறிப்போனால் மேலே கத்தரிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி: "எத்தனை ஜி.எஸ்.எம்.?" பயப்பட வேண்டாம். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. சாதாரணமாக அச்சடிக்கும் தாள் 70 முதல் 80. அழைப்பிதழ் அட்டை 250, 300 என்று போகும். ஒரு ரீம் என்றால் 500 தாள்.

எண்ணைச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். "80க்கும் 100க்கும் வித்தியாசம் காட்டுங்களேன் அண்ணே" என்று கேளுங்கள். இரண்டு தாளை எடுத்து உங்கள் காதருகே உதறிக் காட்டுவார். கனமான தாளின் சத்தம் வேறு. பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். மை பரவுகிறதா, பின்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். அழைப்பிதழ் அட்டையைக் கேட்டு வாங்கி ஒருமுறை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளை வெடிப்பு விழுந்தால், காகித இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள் என்று பொருள். அச்சகத்துக்குக் கொடுக்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

குறிப்பு: சில கடைகள் மொத்த வியாபாரம் மட்டும் செய்கின்றன. உள்ளே நுழையும்போதே, "ரீடெயில் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், "பக்கத்துல யார்கிட்ட கிடைக்கும்?" என்று அடுத்த கேள்வி. இந்த இரண்டாம் கேள்விக்கு என்னை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கடை எண், ஆள் பெயர், நான் அனுப்பினேன் என்று சொல்லு என்ற வார்த்தை எல்லாம் சேர்த்தே கிடைக்கும்.

*இரண்டாம் நிறுத்தம்: துணி*

கோடவுன் தெரு. பெயரே கிடங்கு. தான் தானாகத் துணி. ஒரு சுருள் துணிக்குத் தான் என்று பெயர். கால் மடக்கி மெத்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. அப்படிப்பட்ட கடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறுங்கள். தானிலிருந்து வெட்டித் தர மறுக்கும் கடைகள் அதிகம், கோபிக்க வேண்டாம். கட் பீஸ் விற்கும் கடையைக் கேட்டுப் போங்கள். துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள். குழல்விளக்கின் கீழே நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

*மூன்றாம் நிறுத்தம்: கண்ணாடி*

தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, சட்டம், அலங்காரச் சாமான். இதே தெருவில்தான் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் இரட்டைக் கோயில். பழைய கோயில் இன்றைய உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் பக்கம் இருந்தது. ஊரை இடித்தபோது கோயிலும் போயிற்று. பிறகு இங்கே எழுப்பினார்கள். ஊர் நகர்ந்த கதைக்கு இந்தக் கோயிலே சாட்சி. பட்டணம் கோயில் என்று கேட்டாலும் கடைக்காரர்கள் வழி சொல்வார்கள்.

கண்ணாடி வாங்கும் ஒழுங்கு:

1. தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கேளுங்கள். விலை அதைப் பொறுத்தது.
2. விலை சதுர அடிக் கணக்கு. உங்கள் அளவை அடுத்த முழு அளவுக்கு உயர்த்திக் கணக்கிடுவார்களா என்று வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வெட்டியபின் கேட்டால் தகராறு.
3. ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தேய்க்காத ஓரம் கத்தி.
4. வெட்டும்போது இரண்டடி தள்ளி நில்லுங்கள். குழந்தை இருந்தால் கடைக்கு வெளியே.
5. நான்கு ஓரத்துக்கும் அட்டை கட்டி வாங்குங்கள். எடுத்துப் போகும்போது படுக்கவைத்துப் பிடிக்கக் கூடாது. நிறுத்தித்தான் பிடிக்க வேண்டும்.

இதைச் சீட்டில் எழுதியிருந்தால், நடையின் கடைசியில் திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, பணம் கட்டி, ரசீது வாங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடியோடு இந்தக் கூட்டத்தில் நடக்கவே கூடாது.

*நான்காம் நிறுத்தம்: நாட்டு மருந்து*

எனக்கு இந்தப் பேட்டையிலேயே மிகவும் பிடித்த இடம் ராசப்ப செட்டித் தெரு. முருகன் கோயிலான கந்தகோட்டம் இங்கேதான். சிறுவனாக இருந்த வள்ளலார் வழிபட்டுப் பாடிய கோயில். முதலில் உள்ளே போய்க் குளத்தருகே பத்து நிமிடம் உட்காருங்கள். இதுவரை நடந்த கால்களுக்கு அது அவசியம். பிறகு கடைகளுக்கு வாருங்கள்.

கடையை மூக்கால் கண்டுபிடிக்கலாம். சாக்கு வாய்கள் சுருட்டப்பட்டு வரிசையாக நிற்கும். கடுக்காய், திப்பிலி, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, வெட்டிவேர், நன்னாரி. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை. பெயர்ச்சீட்டு ஒட்டாத இழுப்பறைகூட இருக்கும். எடுத்துக் கொடுப்பவரின் கைக்கு மட்டும் அது தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் சில:

"சுக்கு புதுசா, பழசா?" உடைத்துக் காட்டுவார். உள்ளே பூச்சி துளைத்த பொடி இருக்கிறதா பாருங்கள். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதும் உண்டு, பூசாததும் உண்டு. பூசாததைக் கேட்டு வாங்குங்கள். சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள்.

"பலம்னா எத்தனை கிராம்?" பெரியவர்கள் எழுதிக்கொடுத்த பழைய சீட்டுகளில் பலம் என்ற எடை வரும். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். இதைக் கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

விளக்கு வைத்தபிறகு வசம்பு கேட்கப் போனால் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். பேர் சொல்லா மருந்து என்றோ பிள்ளை வளர்ப்பான் என்றோ கேளுங்கள். இந்த வழக்கத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அப்படிக் கேட்டவுடன் நீங்கள் அந்தக் கடைக்கு அந்நியர் இல்லை.

எச்சரிக்கை: இங்கே வாங்கிய எதையும் கடையில் கேட்ட பேச்சை மட்டும் நம்பி மருந்தாக உட்கொள்ள வேண்டாம். சமையலுக்கான சுக்கு, மிளகு வேறு. மருந்துச் சரக்கு வேறு. கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சித்த மருத்துவரிடமும் தங்கள் மருத்துவரிடமும் கேட்டபின்பே தொட வேண்டும். கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்து ஊட்டுவதை மருத்துவர் அனுமதியின்றிச் செய்யாதீர்கள்.

பக்கத்தில் நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் உண்டு. அங்கே எதையும் முகர்ந்து பார்க்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். பக்கத்துத் தெருவின் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

*ஐந்தாம் நிறுத்தம்: சௌகார்பேட்டை*

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் உலர்பழமும் வாசனைச் சாமானும். உலர்திராட்சையை அங்கே முடியுங்கள். ஒன்றிரண்டு வாயில் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள், கேட்டு எடுங்கள். பிறகு தங்கசாலைத் தெரு. கம்பெனியின் நாணயம் அச்சடித்த சாலை இருந்ததால் அந்தப் பெயர். குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. சௌகார் என்றால் வணிகர், வட்டிக்குக் கொடுப்பவர். கடைப் பலகையில் மூன்று மொழி எழுத்து இருக்கும். உள்ளே இந்தியில் பேசிக்கொண்டிருப்பவர் உங்களிடம் சென்னைத் தமிழில் விலை சொல்வார்.

காகடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபி சாப்பிடலாம். தள்ளுவண்டிகளில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். பிரட்டுக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. வெட்டிவைத்த காய் எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் கண் முன்னால் வெட்டும் வண்டிதான் நல்ல வண்டி.

பசி தாங்கும் என்றால் சாயங்காலம் வரை பொறுத்து, திரும்பக் கடற்கரைப் பக்கம் போய் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிடுங்கள். 1960களில் பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆனபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு போட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டு, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்கள். ராஜாஜி சாலையோரம் இருக்கும் பர்மா பஜாரும் அவர்கள் எழுப்பியதே. பிழைக்க வந்தவர்களுக்கு இந்தப் பேட்டை எப்போதும் ஒரு கடை அகலம் இடம் கொடுத்திருக்கிறது.

பேசும் முறை

வயதில் மூத்தவரை ஐயா, அம்மா. நடுவயதுக்காரரை அண்ணே, அக்கா. மண்ணடிப் பக்கம் முஸ்லிம் கடைக்காரரைப் பாய் என்று அழைப்பது வழக்கம், மரியாதைக் குறைவு ஆகாது. "தம்பி, நீ" என்று கடைப்பையன்களை அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்தான் உங்களுக்குச் சரக்கைத் தேடி எடுக்கப் போகிறான்.

வரிசை இதுதான்: முதலில் வேண்டியதைச் சொல்லுங்கள். பிறகு அளவு. பிறகு சரக்கைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு விலை. பணம் கொடுத்து முடித்தபின்தான் கடையைப் பற்றி, தெருவைப் பற்றி. பணம் கைமாறுவதற்கு முன்னால், "எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டால் பேரத்துக்கு அடிபோடுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

நல்ல கேள்வி: "இந்தச் சரக்கு எந்த ஊர்ல இருந்து வருது?" "முன்னாடி இந்தத் தெருவுல வேற என்ன வித்தாங்க?" தவிர்க்க வேண்டிய கேள்வி: லாபம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வாரிசு உண்டா. கூட்டம் வந்துவிட்டால் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, "அப்புறம் வர்றேண்ணே" என்று ஒதுங்குங்கள்.

படம் எடுக்க, வாங்கியபின் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கல்லா, கணக்கு நோட்டு, சாமி படம், வேலை செய்யும் பெண்கள், சிறுவர்கள் ஆகிய எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அடிக்கடி நேரும் தவறுகள்

சொன்ன விலை எத்தனைக்கு என்று கேட்காமல் விடுவது முதல் தவறு. மொத்தக் கடையில் "இருநூறு" என்றால் ஒன்றுக்கா, டஜனுக்கா, குரோஸுக்கா? குரோஸ் என்றால் 144. கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

பேரம் இன்னொன்று. மொத்த விலை சொல்லும் கடையில் ஒரே ஒரு பொருளுக்குப் பாதி விலை கேட்பது அவமதிப்பு. அளவைக் கூட்டினால் குறையுமா என்று கேட்கலாம், அதுதான் இங்குள்ள பேரம். நடைபாதைக் கடையில் கொஞ்சம் பேசலாம். முதிய பூக்காரம்மாவிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைத்து என்ன ஆகப் போகிறது?

துண்டுச் சீட்டை பில் என்று நினைப்பதும் நடக்கிறது. மாற்ற வேண்டிய, பழுதாகக்கூடிய பொருளுக்கு முறையான பில் வாங்குங்கள். மின்சாமானுக்குப் பில்லும் தரமுத்திரையும் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஒரே நாளில் பத்துத் தெரு. கால் வலியும் பைகளும் மட்டும் மிஞ்சும். ஐந்து போதும். மூன்றில் நன்றாக நின்றால் இன்னும் மேல்.

பாதுகாப்பு

இந்தத் தெருக்களில் முதல் உரிமை மூட்டை சுமப்பவர்களுக்கு. நூறு கிலோ இழுத்து வரும் கைவண்டியும், இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டு வரும் மீன்பாடி வண்டியும் உங்களுக்காக நிற்க முடியாது. "வழி, வழி" என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் கடைப் படியில் ஏறிவிடுங்கள். சக்கரம் விரல் மேல் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைத்த செருப்பு சொன்னது அதற்காகத்தான்.

பையை முன்பக்கம் போடுங்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். நடந்துகொண்டே போன் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டுமானால் கடை ஓரம் ஒதுங்கி நின்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நகை அணிந்து வராதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்த நாளில் போக வேண்டாம். தேங்கிய நீருக்கு அடியில் கால்வாய் மூடி திறந்திருக்கலாம். நடைபாதை மின்பெட்டிகளையும் தொங்கும் வயர்களையும் மழை இல்லாத நாளிலும் தொடாதீர்கள்.

கிறுகிறுப்பு வந்தால் எந்தக் கடையிலும் நின்று, "கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். ஸ்டூலும் தண்ணீரும் வரும். சக்கர நாற்காலியோடும் குழந்தை வண்டியோடும் இந்தத் தெருக்களில் போக இயலாது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். நடைபாதையே இல்லாத இடங்கள் அதிகம். அவற்றோடு வருவதானால் மயிலாப்பூர் மாட வீதிகளை, அதுவும் காலையில், தேர்ந்தெடுக்கலாம். அங்கும் முழு வசதி இல்லை, ஆனால் இதைவிடத் தேவலை.

மற்றப் பேட்டைகளுக்கு இதே முறை

ஜார்ஜ் டவுன் மிரட்டுகிறது என்றால் மயிலாப்பூரில் தொடங்குங்கள். சீட்டில் அப்பளம், தீபாவளி லேகியம், குத்துவிளக்குத் திரி, ஒரு கொலு பொம்மை. கச்சேரி சாலை டப்பா செட்டி கடையும் நவராத்திரி காலத்து வடக்கு மாட வீதியும் உங்களை வழிநடத்தும். பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை. மின்னணுச் சில்லறைச் சாமானுக்கு ரிச்சி தெரு. வண்டி உதிரிப்பாகத்துக்குப் புதுப்பேட்டை. சாமானை மாற்றுங்கள், முறை அதே.

வீடு திரும்பியபின்

அன்றிரவே நோட்டில் எழுதிவிடுங்கள்: தெரு, கடை அடையாளம், என்ன வாங்கினீர்கள், என்ன விலை, புதிதாகக் கேட்ட ஒரு சொல். வாங்கிய தாளில் எழுதுங்கள், சுக்கைத் தட்டிப் போட்டுக் காபி குடியுங்கள். ஒரு மாதத்துக்குள் அதே கடைகளில் ஏதாவது ஒன்றுக்கு மறுபடி போங்கள். முதல்முறை நீங்கள் கிராக்கி. இரண்டாம்முறை போனால், "அந்தச் சுக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவரே கேட்பார். பதில் சொல்லத் தயாராகப் போங்கள்.